அனிமேயா இல்லையா: டைம்ஷீட்டை எழுதியது யார் என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த 'கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து அனிமே' பட்டியலில் மூன்று தலைப்புகள் அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், அல்ல. 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' 2005-இல் அமெரிக்காவின் நிக்கலோடியன் சேனலில் தொடங்கியது. 'காசில்வேனியா' டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் இருக்கும் பவர்ஹவுஸ் அனிமேஷன் செய்தது. 'ஆர்கேன்' பாரிஸின் ஃபோர்டிஷ் நிறுவனத்தின் வேலை. மூன்றும் நல்ல தொடர்கள், பார்க்க வேண்டியவைதான். பட்டியலின் தலைப்புக்குள் அவை அடங்காது என்பதுதான் பிரச்சினை.

எப்படி நுழைந்தன என்பது கட்டுரையின் முதல் பத்தியிலேயே தெரிகிறது. பெரிய கண், கூரான தலைமுடி, ஆவேசமான சண்டை என்று அனிமேக்கு அங்க அடையாளம் சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். அதை வைத்துச் சலித்தால், தொண்ணூறுகளில் தூர்தர்ஷனில் நம் பிள்ளைகள் ஞாயிறு தவறாமல் பார்த்த மௌக்லி வெளியே போய்விடுவான். குல்சார் எழுதிய இந்திப் பாட்டைக் கேட்டுவிட்டு அதை இந்தியத் தொடர் என்று நம்பியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது 1989-இல் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் எடுத்த 52 பகுதித் தொடர், அசல் அனிமே. 1974-இல் இசாவோ தகாஹாதா இயக்கிய 'ஹைடி'யும் அனிமேதான். சுவிட்சர்லாந்து மலைச் சிறுமிக்குச் சின்னக் கருங்கண், உருண்டை முகம். ஷின்சானுக்குப் பெரிதாக இருப்பது புருவம் மட்டுமே. மசாகி யுவாசா 2014-இல் இயக்கிய 'பிங் பாங்' தொடரில் கோடு நடுங்கும், முகம் கோணும், அழகுக் கண்ணைத் தேடினாலும் கிடைக்காது. அந்தப் பெரிய கண்ணும் ஜப்பானியரின் தனிச்சொத்து இல்லை. ஜப்பானியப் படக்கதை ஓவியர் ஒசாமு தெசுகா அதை டிஸ்னி படங்களையும் பெட்டி பூப் என்ற பழைய அமெரிக்கக் கார்ட்டூனையும் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

மங்கா என்ற ஜப்பானியப் படக்கதையிலிருந்து எடுத்தால்தான் அனிமே என்பது அடுத்த தவறான அளவுகோல். 1995-இன் 'இவாஞ்சலியன்' தொலைக்காட்சிக்கென்றே யோசித்த கதை. 'சோலோ லெவலிங்' கொரியக் கதை, எடுத்தது டோக்கியோவின் ஏ-1 பிக்சர்ஸ். 'சைபர்பங்க்: எட்ஜ்ரன்னர்ஸ்' போலந்து நிறுவனம் ஒன்றின் வீடியோ கேமிலிருந்து பிறந்தது, எடுத்தது ஸ்டுடியோ ட்ரிகர். இரண்டும் அனிமே என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் வரைந்த படங்களின் எண்ணிக்கையைச் சொல்வார்கள். குறைவான படங்களை வைத்து ஓட்டுவதுதான் அனிமே என்பது அவர்கள் வாதம். இதில் பாதி உண்மை உண்டு, அந்தப் பாதியைச் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது. திரையில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு புதுப்படம் வரைந்தால் 'ஒன்ஸ்', ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் 'டூஸ்', மூன்று ஃபிரேம் நிறுத்தினால் 'த்ரீஸ்'. 22 நிமிடப் பகுதி ஒன்றில் 31,680 ஃபிரேம் இருக்கிறது. எல்லாம் த்ரீஸில் போனாலும் 10,560 படம், அதுவும் திரையில் ஒரே ஒரு அசைவு இருக்கும் கணக்கில். வாராவாரம் வரும் தொடருக்கு இது கட்டாது. தெசுகாவின் முஷி புரொடக்‌ஷன்ஸ் 1963 ஜனவரி 1 அன்று 'டெட்சுவான் அட்டோம்' தொடரை வாரம் ஒரு அரைமணி என்று தொடங்கியபோது, படங்களை அடிமாட்டுக் கணக்குக்குக் குறைத்தது. நின்ற படத்தின் மேல் கேமராவை நகர்த்துவது, வாயை மட்டும் அசைப்பது, பறக்கும் காட்சியை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி பயன்படுத்துவது எல்லாம் அங்கே கைப்பழக்கமாகிவிட்டன. அந்தச் சேமிப்புக்கு 'பேங்க்' என்றே பெயர். இன்றைக்கும் டிவி அனிமே ஒரு பகுதிக்கு மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் படங்களுக்குள் முடிக்கப் பார்க்கிறது. சண்டைப் பகுதிகளில் அது இரட்டிப்பாவதும் உண்டு.

ஆனால் சிக்கனம் ஜப்பானுக்கு மட்டும் சொந்தமா? ஹன்னா-பார்பெரா 1960-இல் 'ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ்' தொடரை இதே மாதிரிச் சிக்கனத்தில்தான் ஓட்டியது. ஐதராபாத்தின் 'சோட்டா பீம்' வெட்டி ஒட்டிய உறுப்புகளில் நடக்கிறான். 2018-இன் ஸ்பைடர்-வெர்ஸ் படத்தில் தொழில் தெரியாத மைல்ஸ் டூஸிலும், தேர்ந்த பீட்டர் ஒன்ஸிலும் ஒரே காட்சியில் தாவுகிறார்கள். அதை யாரும் அனிமே என்பதில்லை. மறுபக்கம், தோயெய் ஸ்டுடியோ 1958-இல் வெளியிட்ட ஜப்பானின் முதல் முழுநீள வண்ண அனிமேஷன் 'ஹகுஜாதென்' தாராளமாக அசையும் படம். அது அனிமே இல்லையென்றால் வேறு எது அனிமே?

அடுத்து, எந்த ஊரில் வரைந்தார்கள் என்பது. இதுதான் ஆகப் பெரிய பொறி. தூர்தர்ஷனில் ஓடிய டிஸ்னியின் 'டக்டேல்ஸ்' தொடரில் பல பகுதிகளை வரைந்தது டோக்கியோவின் டிஎம்எஸ் ஸ்டுடியோ. ஸ்க்ரூஜ் மாமாவின் நாணயக் குவியல் அத்தனை பளபளப்பாக இருப்பதற்கு அவர்கள் கைதான் காரணம். 1985-இன் 'தண்டர்கேட்ஸ்' ஜப்பானில் வரையப்பட்டது. 1984-இன் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' தொடருக்குத் தோயெய் வரைந்தது. இவை எவற்றையும் அனிமே பட்டியலில் சேர்ப்பதில்லை. நேர்மாறாக, அசல் அனிமேயின் இடைப்படங்களில், அதாவது முக்கிய நிலைகளுக்கு நடுவே அசைவை நிரப்பும் படங்களில், பெரும்பங்கு கொரியா, சீனா, பிலிப்பைன்ஸில் வரையப்படுகிறது. தோயெய்க்கு 1986 முதல் பிலிப்பைன்ஸில் ஸ்டுடியோவே இருக்கிறது. காஞ்சிப் பட்டுக்கு நூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வரலாம். தறியில் உட்கார்ந்து கோர்வை போடுகிறவர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அனிமேஷனில் அந்தத் தறி, டைம்ஷீட் என்ற தாள். ஜப்பானில் புழங்கும் தாள் ஒன்றில் 6 விநாடி, அதாவது 144 ஃபிரேம் அடங்கும். மேலிருந்து கீழாக ஒரு வரி ஒரு ஃபிரேம். குறுக்கே ஏ, பி, சி, டி என்று அடுக்குகள். எந்த அடுக்கின் எத்தனையாவது படம் எந்த ஃபிரேமில் ஏறி எதுவரை நிற்க வேண்டும் என்பது இதில்தான் எழுதப்படுகிறது. அசைவின் வேகம், தயக்கம், நிறுத்தம் எல்லாம் இந்தத் தாளில் இருக்கிறது. படம் வரைவது அடுத்த கட்டம்.

ஒரு பெண் திரும்பிப் பார்த்து ஒரு வரி பேசுகிறாள். 4 விநாடிக் கட், அதாவது ஒரு ஷாட், 96 ஃபிரேம். டோக்கியோவில் இது எப்படி நடக்கிறது? பகுதியின் ஸ்டோரிபோர்டில் அந்தக் கட்டுக்கு ஒரு சின்னப் படமும் விநாடிக் கணக்கும் மட்டும் இருக்கும். அதை எடுத்துக்கொள்ளும் கீ அனிமேட்டர் அந்தப் பகுதியின் இயக்குநரோடு உட்கார்ந்து பேசிவிட்டு, காட்சியில் எது எங்கே இருக்கும் என்று காட்டும் லேஅவுட்டை வரைகிறார், முக்கிய நிலைகளை வரைகிறார், டைம்ஷீட்டையும் அவரே எழுதுகிறார். உடம்பு ஏ அடுக்கில் ஒரே படம். தலை பி அடுக்கில்: முதல் இரண்டு படம் ஒவ்வொரு ஃபிரேம், வெடுக்கென்று, அடுத்த மூன்று இரண்டிரண்டு, நின்று அடங்கும் கடைசிப் படங்கள் மும்மூன்று. வாய் சி அடுக்கில் மூன்று படம். இமை டி அடுக்கில் பாதி மூடியது ஒன்று, முழுக்க மூடியது ஒன்று. மொத்தம் பதினைந்து படத்துக்குள் முடிந்துவிடும். பகுதி இயக்குநர் அந்தத் தாளைப் பார்த்து இரண்டு ஃபிரேம் கூட்டுவார், குறைப்பார். பிறகு அனிமேஷன் இயக்குநர் முகத்தை வேறு நிறத் தாளில் மேலே வைத்துத் திருத்துவார். அதற்கப்புறம்தான் இடைப்படக்காரர்களிடம் போகும். வரைவதில் கடைசிக் கட்டமான இடைப்படமும் வண்ணமும்தான் பெரும்பாலும் கடல் கடக்கின்றன.

இதே கட் 'டக்டேல்ஸ்' காலத்து அமெரிக்க டிவி முறையில் வேறு பாதையில் போகும். முதலில் நடிகர் பேசிவிடுவார். ஒலிநாடாவைக் கேட்டு எந்த ஃபிரேமில் எந்த ஒலி என்று ஒருவர் தாளில் குறிப்பார். டைமிங் டைரக்டர் என்று தனியாக ஒருவர் கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து முழுத் தாளையும் நிரப்புவார். ஸ்டோரிபோர்ட், பாத்திரங்களின் உருவம் வரைந்த மாடல் ஷீட், தாள், ஒலிநாடா நான்கும் சேர்ந்து ஆசியாவுக்குப் பார்சல் ஆகும். டோக்கியோவிலோ சியோலிலோ இருப்பவர் எவ்வளவு பெரிய வித்தகராக இருந்தாலும், பொதுவாக அந்தத் தாளில் உள்ள எண்ணுக்கு வரைந்து தருவதே அவர் வேலை. ஒரே ஊர், ஒரே மேசை, சில சமயம் ஒரே ஆள். தாளை எழுதியவர் மாறினார், படத்தின் இனமே மாறிவிட்டது. எனவே நான் பயன்படுத்தும் அளவுகோல் இது: ஸ்டோரிபோர்டும் டைம்ஷீட்டும் ஜப்பானிய ஸ்டுடியோவின் கையில் இருந்தால் அனிமே. கதை எங்கிருந்தும் வரலாம், பணம் எங்கிருந்தும் வரலாம்.

ரசிகர்கள் வீட்டில் டைம்ஷீட்டை எங்கே பார்ப்பது என்று கேட்கலாம். வாயைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஜப்பானில் பெரும்பாலும் படம் முடிந்த பிறகோ, பாதி முடிந்த நிலையிலோ குரல் கொடுக்கிறார்கள். அதனால் வாய்க்கு மூடியது, பாதி திறந்தது, திறந்தது என்று மூன்றே படம். நடிகர் என்ன சொன்னாலும் அந்த மூன்றுதான் மாறி மாறி வரும். அமெரிக்க முறையில் ஒலிக்கேற்ற வாய் வடிவங்கள் ஏழெட்டு இருக்கும்; ப, ம வந்தால் உதடு ஒட்டும், ஓ வந்தால் குவியும். விதிவிலக்கு உண்டு, 1988-இன் 'அகிரா' குரலை முதலில் பதிவு செய்துவிட்டு வாயை வரைந்த படம். தமிழ் டப்பிங்குக்கு இந்த வித்தியாசம் நேரடியாகப் பொருந்துகிறது. 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' 2025 செப்டம்பரில் தமிழிலும் திரைக்கு வந்தது. அந்த மாதிரிப் படத்தில் டப்பிங் எழுதுகிறவர் வரியின் தொடக்கம், நடுவில் மூச்சு விடும் இடம், முடிவு மூன்றையும் பிடித்தால் போதும். அமெரிக்கப் படத்தில் அதே ஆள் உதடு ஒட்டும் இடத்துக்கெல்லாம் ப-வோ ம-வோ தேட வேண்டும். வழக்கமாகக் கெடுவது நீளத்தில். தமிழ் வரி நீண்டு, வாய் மூடிய பிறகும் குரல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குக் குரலை வேகமாக ஓட்டுவதைவிட வரியை வெட்டுவதே மேல்.

வாய் போதாது என்றால் கிரெடிட்ஸ். ஸ்ட்ரீமிங் செயலிகள் அடுத்த பகுதிக்குத் தாவ அவசரப்படும், தாவவிடாமல் நிறுத்திப் பாருங்கள். அனிமேயில் தொடரின் இயக்குநர் பெயர் தொடக்கப் பாட்டிலும், அந்தந்தப் பகுதியின் ஸ்டோரிபோர்ட், பகுதி இயக்குநர், அனிமேஷன் இயக்குநர், கீ அனிமேஷன், இடைப்படம், வண்ணம் ஆகியவை முடிவிலும் வரும். கொரிய, சீனப் பெயர்கள் கடைசி இரண்டு வரியில் கூட்டமாக இருந்தால் கவலைப்பட வேண்டாம், அது வழக்கம். அமெரிக்கத் தொடரில் டைமிங் டைரக்டர் என்ற பெயரும், வெளிநாட்டு மேற்பார்வையாளர் என்ற பெயரும், அனிமேஷன் சேவை என்று ஒரு ஆசிய நிறுவனத்தின் பெயரும் தனித்தனியாக வரும். இன்னொரு உபரித் தகவல். அனிமேப் பகுதி ஒன்றில் அனிமேஷன் இயக்குநர் என்ற வரியில் பத்துப் பதினைந்து பெயர் அடுக்கியிருந்தால், அந்தப் பகுதி நேரத்துக்கு முடியாமல் திண்டாடியது என்று அர்த்தம். முகம் கட்டுக்குக் கட் மாறினால் ரசிகர்கள் உடனே பட்ஜெட் இல்லை என்பார்கள். பெரும்பாலும் இல்லாமல் போவது நாட்கள். திருத்துகிறவருக்கு எல்லாக் கட்டையும் பார்க்க அவகாசம் இல்லாதபோது ஆளுக்கு இருபது கட் என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த அளவுகோல் தடுமாறும் இடங்களும் இருக்கின்றன, அவற்றை மறைப்பது நியாயம் இல்லை. நமக்கு நெருக்கமானது 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'. யுகோ சாகோ, கோய்ச்சி சசாகி, ராம் மோகன் மூவரும் இயக்கியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முடிந்து, 1993-இல் டெல்லி திரைப்பட விழாவில் காட்டப்பட்டது, 2025 ஜனவரியில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் மீண்டும் வெளியானது. ராம் மோகன் வளர்ந்தது நம் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில். அங்கே 1956-இல் பயிற்சி கொடுக்க வந்தவர் டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ். ஆக, அந்தப் படத்துக்குள் டிஸ்னி வழி வந்த ஓர் இந்தியக் கையும் டோக்கியோ கையும் சேர்ந்திருக்கின்றன. வரைந்தது ஜப்பானில். வேட்டி எப்படி விழும், பெரியவரை எப்படி வணங்குவார்கள் என்பதற்கு இந்திய ஓவியர்கள் வழிகாட்டினார்கள். அனுமன் கடலைத் தாண்டும் காட்சியில் மேகத்தையும் உடம்பின் கனத்தையும் பார்த்தால் எண்பதுகளின் ஜப்பானியத் திரைப்பட அனிமேஷன் அப்படியே தெரியும். என் தீர்ப்பு, அனிமே. ஆனால் பத்திரிகையில் போடும்போது இந்திய-ஜப்பானியக் கூட்டுத் தயாரிப்பு என்று மூன்று இயக்குநர் பெயரோடும் போடுவதே முறை. ராம் மோகனை விட்டுவிட்டு வெறுமனே ஜப்பானியர் எடுத்த ராமாயணம் என்று எழுதுவது அநியாயம்.

'ஸ்டார் வார்ஸ்: விஷன்ஸ்' இன்னொரு சுவாரசியம். 2021-இல் வந்த முதல் தொகுதி முழுவதும் ஜப்பானிய ஸ்டுடியோக்கள், ஆகவே அனிமே. 2023-இன் இரண்டாம் தொகுதி பல நாட்டு ஸ்டுடியோக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அதில் ஒன்று மும்பையின் 88 பிக்சர்ஸ் செய்த 'தி பேண்டிட்ஸ் ஆஃப் கோலக்'. தலைப்பு ஒன்று, உள்ளே இரண்டு இனம். 'ஸ்காட் பில்கிரிம் டேக்ஸ் ஆஃப்' கனடாக் கதை, ஸ்பெயின்காரர் இயக்குநர், ஸ்டுடியோ டோக்கியோவின் சயன்ஸ் சாரு. என் கணக்கில் அனிமே. மாற்றுக் கருத்துள்ளவர்களோடு சண்டை போட மாட்டேன்.

முப்பரிமாணம் என்பதால் மட்டும் ஒன்று விலகிவிடாது. ஆரஞ்ச் ஸ்டுடியோவின் 'லேண்ட் ஆஃப் தி லஸ்ட்ரஸ்' (2017) கணினி உருவங்கள்தான். ஆனால் கணினி இடையில் தானாகப் போடும் அசைவை அப்படியே விடாமல், டூஸிலும் த்ரீஸிலும் நிறுத்தி, கோடும் தட்டையான நிழலும் கொடுத்துச் செதுக்கியிருப்பார்கள். இதைச் செய்யாத மலிவான முப்பரிமாண அனிமேயில் பாத்திரங்கள் தரையில் வழுக்குவது போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான்: பின்னணி வரைந்த ஓவியம், அதன்மேல் உருவம் மட்டும் 24 ஃபிரேமிலும் வழவழவென்று ஓடுகிறது. 'கோச்சடையான்' (2014) வேறு வகை. நடிகரின் அசைவைக் கருவி பதிவு செய்து உருவத்தில் ஏற்றியது. அங்கே டைம்ஷீட்டுக்கே வேலை இல்லை. 'மகாவதார் நரசிம்மா' இந்திய முப்பரிமாண அனிமேஷன். அதை இந்தியாவின் அனிமே என்று உங்கள் சினிமாப் பக்கம் எழுதியது; அந்தப் படத்துக்கு அந்தப் பட்டம் தேவையில்லை. 2025 மார்ச்சில் எல்லோரும் தங்கள் கல்யாணப் போட்டோவைச் செயற்கை நுண்ணறிவில் போட்டு, ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ பாணியில் எடுத்த 'கிப்லி' படங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அவை அசையவே இல்லை.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயங்கள். நடிகர்கள் நடித்த படத்துக்கு விமர்சனம் எழுதும்போது இயக்குநர், தயாரிப்பு நிறுவனம், மொழி, தணிக்கைச் சான்று நான்கையும் பெட்டியில் போடுகிறீர்கள். அனிமேஷன் படத்துக்கு மட்டும் சேனல் பெயரோடு நிறுத்திவிடுகிறீர்கள். ஸ்டுடியோவின் பெயரையும் இயக்குநரின் பெயரையும் சேர்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். அனிமேயைச் சிறுவர் மலரில் போடுவதையும் நிறுத்தலாம். ஜப்பானில் பல தொடர்கள் நள்ளிரவு நேரத்துக்காக எடுக்கப்படுபவை. உங்கள் பட்டியலில் ஏழாவதாக இருப்பதை எட்டு வயதுப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டிவிட்டு, பெற்றோர் உங்களுக்குத்தான் கடிதம் எழுதுவார்கள்.

பட்டியலைத் திருத்தி வெளியிடுவதானால், அந்த மூன்றையும் 'பிற நாட்டு அனிமேஷன்' என்று தனித் தலைப்பில் வையுங்கள். காலியாகும் மூன்று இடத்துக்கு மௌக்லி, ஹைடி, 'பிங் பாங்' என்று பரிந்துரைக்கிறேன். முதல் இரண்டையும் எந்த வயதினருக்கும் காட்டலாம்.

இப்படிக்கு,
அனிமேஷன் பயிற்றுநர் ஒருவர்,
கோயம்புத்தூர்